எடை மேடை மாட்யூலை யார்டு மெஷினுக்குக் கொண்டு போவது: பென் டிரைவ் காப்பிக்குப் பதிலாக முறையான பேக்கேஜ்

கேள்வி இது. மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டு. எடை மேடை இண்டிகேட்டரிலிருந்து (எடையைக் காட்டும் பெட்டி) எடையைப் படித்து, சீட்டு அச்சடித்து, போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் பதியும் பைதான் மாட்யூல் ஒன்றை இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். எழுதுவது மண்ணடி ஆபீஸில், விண்டோஸ் லேப்டாப்பில். ஓடுவது கேட் பக்கத்து அறையில் இருக்கும் உபுண்டு 22.04 மெஷினில். அங்கே இன்டர்நெட் வரும், போகும். இதுவரை ஃபோல்டரைப் பென் டிரைவில் எடுத்துப் போய், ஓடிக்கொண்டிருப்பதன் மேலேயே பேஸ்ட் செய்து வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் ஏதாவது உடைகிறது. இதை எப்படிச் சரியாகச் செய்வது?

முதலில் ஒன்றைத் தீர்மானித்துவிடுங்கள்: புரொடக்‌ஷன் மெஷினில் (நிஜ வேலை ஓடும் யார்டு மெஷின்) எதையும் தயாரிக்கக் கூடாது. அங்கே கம்பைல் கிடையாது, கிட் புல் (சர்வரிலிருந்து கோடை இழுப்பது) கிடையாது, இன்டர்நெட்டிலிருந்து பிப் (பைதான் லைப்ரரிகளை ஏற்றும் கமாண்ட்) இன்ஸ்டாலும் கிடையாது. ஃபேக்டரியில் ஸ்டஃப் செய்து சீல் போட்ட பெட்டி, சீல் நம்பரை மட்டும் சரிபார்த்து அப்படியே கப்பல் ஏறுகிறதல்லவா, அதே மாதிரி ஆபீஸில் ஒரே தடவை கட்டி, நம்பர் போட்டு, டெஸ்ட் செய்த அதே ஃபைல்தான் யார்டில் இறங்க வேண்டும். டெஸ்டுக்கு ஒன்று கட்டி, புரொடக்‌ஷனுக்கு இன்னொன்று கட்டினால் டெஸ்ட் செய்ததற்கே பயன் இல்லை. இடையில் ஏதாவது ஒரு லைப்ரரிக்குப் புது வெர்ஷன் வந்திருந்தால் இரண்டும் ஒன்றல்ல.

இப்போதைய முறை ஏன் உடைகிறது என்று தெரிந்தால் மற்றது தானாகப் புரியும். பேஸ்ட் செய்யும்போது புது ஃபைல் வரும். நீங்கள் ஆபீஸில் அழித்த பழைய ஃபைல் யார்டில் அப்படியே கிடக்கும். பைதான் அதையும் இம்போர்ட் செய்துகொண்டு சத்தமில்லாமல் பழைய வேலையைப் பார்க்கும். இன்னொன்று, பேஸ்ட் செய்யும் நேரத்தில் புரோகிராம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அது பாதி மாட்யூலை ஏற்கெனவே மெமரியில் ஏற்றியிருக்கும். மீதியைத் தேவைப்படும்போது புது ஃபைலிலிருந்து எடுக்கும். பழையதும் புதியதும் கலந்த அந்த நிலையில் வரும் எரரை ஆபீஸில் எத்தனை தடவை முயன்றாலும் திரும்ப வரவழைக்க முடியாது. விண்டோஸ் ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். அதனால் சீட்டு டெம்ப்ளேட் லேப்டாப்பில் திறக்கும், யார்டில் 'ஃபைல் இல்லை' என்று வரும். விண்டோஸ் எடிட்டரில் சேவ் செய்த ஷெல் ஸ்கிரிப்டில் வரி முடிவில் ஒரு கூடுதல் கேரக்டர் ஒட்டியிருக்கும். லினக்ஸ் அதையும் இன்டர்பிரட்டர் பெயரின் பகுதியாகப் படித்து, அப்படி ஒரு புரோகிராமே இல்லை என்று சொல்லும். கடைசியாக, டெஸ்ட் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கும் கான்ஃபிக் ஃபைலும் சேர்ந்தே போய் உட்கார்ந்துவிடும். இதுதான் மிக மோசமானது. எல்லாம் ஒழுங்காக ஓடுவது போலவே தெரியும். எடைகள் மட்டும் வேறெங்கோ பதிவாகிக்கொண்டிருக்கும்.

சரியான வடிவம் வீல் ஃபைல், அதாவது இன்ஸ்டால் செய்யத் தயாரான பைதான் பேக்கேஜ். அது உள்ளே ஒரு ஜிப்தான், மந்திரம் ஒன்றும் இல்லை. புராஜெக்ட்டின் மேல் ஃபோல்டரில் பைபுராஜெக்ட் டாமல் ஃபைலை வைத்து, பெயர், வெர்ஷன், தேவையான லைப்ரரிகள், எந்த ஃபங்ஷனிலிருந்து புரோகிராம் தொடங்க வேண்டும் என்ற நான்கையும் எழுதுங்கள். புரோகிராம் கோடை நேராக மேல் ஃபோல்டரில் போடாமல் 'எஸ்ஆர்சி' என்ற உள் ஃபோல்டருக்குள் தள்ளுங்கள். அப்படிச் செய்தால், டெஸ்ட் ஓடும்போது பைதான் பக்கத்தில் கிடக்கும் ஃபோல்டரை எடுத்துக்கொள்ளாமல், இன்ஸ்டால் ஆன பேக்கேஜைத்தான் எடுக்கும். பேக்கேஜில் ஒரு ஃபைல் விட்டுப்போனால் ஆபீஸிலேயே தெரிந்துவிடும்.

விட்டுப்போவது அநேகமாக பைதான் ஃபைல் அல்ல. சீட்டு டெம்ப்ளேட், தமிழ் ஃபான்ட், லோகோ படம், எஸ்க்யூஎல் ஃபைல் இவைதான். வீலைக் கட்டும் செட்டப்டூல்ஸ், பைதான் ஃபைல்களைத் தானே சேர்த்துக்கொள்ளும். மற்றதைப் பேக்கேஜ் டேட்டா பகுதியில் நீங்கள் சொன்னால்தான் சேர்க்கும். ஆகவே வீல் கட்டியதும் அன்ஜிப் கமாண்டில் எல் ஆப்ஷன் கொடுத்து உள்ளே இருப்பதை வரிவரியாகக் கண்ணால் பாருங்கள். டெம்ப்ளேட் அந்தப் பட்டியலில் இல்லையென்றால் யார்டிலும் இருக்காது. கோடில் அந்த ஃபைலைத் திறக்கும்போது 'இப்போது இருக்கும் ஃபோல்டர்' என்று பாதை கொடுக்காமல், இம்போர்ட்லிப் ரிசோர்சஸ் வழியாகக் கேளுங்கள். சர்வீஸாக (பின்னணியில் தானே ஓடும் புரோகிராமாக) ஓடும்போது இப்போது இருக்கும் ஃபோல்டர் என்பது ரூட் ஃபோல்டர், உங்கள் புராஜெக்ட் ஃபோல்டர் அல்ல.

வீல் ஃபைலின் பெயரைப் படிக்கப் பழகினால் பாதிப் பிரச்சினையை முன்கூட்டியே பிடிக்கலாம். பெயர், வெர்ஷன், பைதான், ஏபிஐ (கம்பைல் ஆன கோடு எந்தப் பைதானோடு சேரும் என்ற குறி), பிளாட்ஃபார்ம் என்று ஐந்து துண்டு, நடுவில் ஹைஃபன். உங்கள் மாட்யூல் முழுக்கப் பைதான்தான் என்பதால் கடைசி இரண்டு துண்டும் 'நன்', 'எனி' என்று வரும், அதாவது எந்த மெஷினிலும் ஏறும். இண்டிகேட்டர் கேபிள் சேரும் சீரியல் போர்ட்டைப் படிக்கும் பைசீரியல் லைப்ரரியும் அப்படித்தான். ஆனால் போஸ்ட்கிரெஸோடு பேசும் சைகோபிஜி2 பைனரி போன்றவற்றுக்குள் கம்பைல் ஆன சி கோடு இருக்கிறது. அதன் பெயரில் சிபி310 என்றும் மேனிலினக்ஸ் என்றும் இருந்தால்தான் உபுண்டு 22.04-இன் பைதான் 3.10-இல் ஏறும். லேப்டாப்பில் பைதான் 3.12 வைத்து டவுன்லோட் செய்தால் சிபி312, வின் ஏஎம்டி64 என்று வரும். யார்டுக்குப் போன பிறகுதான் 'இந்த பிளாட்ஃபார்முக்கு ஏற்ற வீல் இல்லை' என்று தெரியும்.

பிப் டவுன்லோடில் பிளாட்ஃபார்ம், பைதான் வெர்ஷன் ஆப்ஷன்களைக் கொடுத்து விண்டோஸிலிருந்தே லினக்ஸ் வீல்களை இறக்கலாம் என்று பலர் சொல்வார்கள். இறங்கும், ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. 'விண்டோஸாக இருந்தால் மட்டும் இந்த லைப்ரரி வேண்டும்' போன்ற நிபந்தனைகளை பிப், தான் ஓடும் மெஷினை வைத்தே முடிவு செய்கிறது, போகப்போகும் மெஷினை வைத்து அல்ல. விண்டோஸுக்கு மட்டும் வேண்டியது சேர்ந்துவிடும்; லினக்ஸுக்கு மட்டும் வேண்டியது விட்டுப்போகும். அதனால் லேப்டாப்பில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி) போட்டு, அதில் உபுண்டு 22.04-ஐயே இறக்கி, கட்டுவது, டவுன்லோட் செய்வது எல்லாவற்றையும் அதற்குள் செய்யுங்கள். ஓஎஸ்ஸும் பைதானும் யார்டில் இருப்பவையேதான்.

லைப்ரரி வெர்ஷன்களை 'இதற்கு மேல் எதுவானாலும்' என்று விடாமல், இரட்டைச் சமக்குறி போட்டுப் பூட்டுங்கள். பிப் டூல்ஸின் பிப் கம்பைல், ஜெனரேட் ஹேஷஸ் ஆப்ஷனோடு ஓடினால், நீங்கள் கேட்ட லைப்ரரி, அது இழுத்து வரும் லைப்ரரி எல்லாவற்றையும் ஷா256 எண்ணோடு (ஃபைலில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) எழுதித் தரும். அந்தப் பட்டியலைக் கொடுத்து, 'ஒன்லி பைனரி, எல்லாமும்' என்ற ஆப்ஷனோடு ஒரு ஃபோல்டருக்குள் டவுன்லோட் செய்யுங்கள். இந்த ஆப்ஷனை விட்டால் சில லைப்ரரி சோர்ஸாக இறங்கும். யார்டில் ஜிசிசி கம்பைலர் இல்லாமல் நிற்கும்.

இப்போது அந்த ஃபோல்டர், உங்கள் வீல், ரிக்வயர்மென்ட்ஸ் ஃபைல், டேட்டாபேஸ் மாற்ற எஸ்க்யூஎல், இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் ஆகிய ஐந்தையும் ஒரே டார் ஃபைலாகக் கட்டுங்கள். பெயரில் வெர்ஷன் இருக்கட்டும். டார் ஏன் என்றால், பென் டிரைவில் இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டும் லினக்ஸின் எக்ஸிக்யூட் பெர்மிஷனையோ சிம்லிங்கையோ (வேறொரு ஃபோல்டரைக் காட்டும் குறுக்குவழி) வைத்துக்கொள்ளாது. டாருக்குள் இருந்தால் அவை தப்பிக்கும். பக்கத்தில் ஷா256 எண்ணைத் தனி ஃபைலில் வையுங்கள், 64 எழுத்து. யார்டில் முதல் வேலை, டாரை மெஷினுக்குக் காப்பி செய்து ஷா256சம் கமாண்டில் சி ஆப்ஷன் கொடுத்துச் சரிபார்ப்பது. எஜெக்ட் செய்யாமல் பிடுங்கிய பென் டிரைவில் ஃபைல் அளவு சரியாகக் காட்டிவிட்டு, உள்ளே கடைசிப் பகுதி காலியாக இருப்பது சாதாரணம்.

வெர்ஷன் நம்பர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். 1.4.2 என்று ஒரு முறை வெளியே போனால் அந்த நம்பர் முடிந்தது. ஒரு வரி திருத்தினாலும் 1.4.3. அதே நம்பரில் இரண்டு விதமான ஃபைல் சுற்ற ஆரம்பித்தால், எது ஓடுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. எடைச் சீட்டின் ஓரத்திலும் வெர்ஷனைச் சின்ன எழுத்தில் அச்சடியுங்கள். 2016 ஜூலை 1 முதல், ஏற்றுமதிக் கண்டெய்னரின் சரிபார்த்த மொத்த எடையைத் தெரிவிக்காமல் கப்பலில் ஏற்றக் கூடாது என்பது சோலாஸ் (கடல் பயணப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தம்) விதி. நீங்கள் அடிக்கும் எண் அந்த ஆவணத்துக்குப் போய்ச் சேரலாம். மூன்று மாதம் கழித்து ஒரு சீட்டைப் பற்றிக் கேள்வி வந்தால், அன்று எந்தக் கோடு ஓடியது என்று அந்தக் காகிதமே சொல்ல வேண்டும்.

யார்டு மெஷினில் ஆப்ட் ஃபோல்டருக்குள் மாட்யூல் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ரிலீஸஸ், அதற்குள் ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனி ஃபோல்டர். விர்ச்சுவல் என்விரான்மென்ட்டை (இந்த மாட்யூலுக்கு மட்டுமான தனிப் பைதான் ஃபோல்டர்) அந்த வெர்ஷன் ஃபோல்டருக்குள்ளேயே, அதன் இறுதி இடத்திலேயே உருவாக்குங்கள். வேறிடத்தில் செய்து நகர்த்தினால் ஓடாது, ஏனென்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஸ்கிரிப்டின் முதல் வரியிலும் பைதானின் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். உபுண்டுவில் பைதான் இருந்தாலும் இதை உருவாக்கும் வென்வ் பேக்கேஜ் தனியாகத்தான் வரும். அது இல்லாவிட்டால் இன்டர்நெட் இல்லாத அறையில் அங்கேயே மாட்டிக்கொள்வீர்கள், ஆகவே அதை முன்னமே போட்டு வையுங்கள். பிறகு பிப் இன்ஸ்டாலுக்கு நோ இண்டெக்ஸ், ஃபைண்ட் லிங்க்ஸ், ரிக்வயர் ஹேஷஸ் மூன்றையும் கொடுத்து லைப்ரரிகளை ஏற்றுங்கள். அடுத்து உங்கள் வீலை நோ டெப்ஸ் ஆப்ஷனோடு ஏற்றுங்கள். கடைசியில் பிப் செக் ஓடட்டும். இதுவரை ஓடிக்கொண்டிருக்கும் பழைய வெர்ஷனை யாரும் தொடவில்லை. கேட்டில் வண்டி போய்க்கொண்டே இருக்கும்.

'கரன்ட்' என்ற சிம்லிங்க் எந்த வெர்ஷன் ஃபோல்டரைக் காட்டுகிறதோ அதுதான் ஓடும். மாற்றும்போது எல்என் கமாண்டில் எஸ்எஃப்என் ஆப்ஷன் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய லினக்ஸ்களில் அது பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைக்கும். இடையில் மின்சாரம் போனால் லிங்க்கே இருக்காது. உபுண்டு 22.04-இல் அந்த இடைவெளி இல்லை. வேறு பெயரில் லிங்க் செய்து, எம்வி கமாண்டில் பெரிய டி ஆப்ஷன் கொடுத்துப் பெயர் மாற்றினால் எந்த வெர்ஷனிலும் ஒரே அசைவில் மாறும். அதன்பின் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். லிங்க் மாறியதால் மட்டும் ஓடும் புரோகிராம் மாறாது.

கான்ஃபிக் எதுவும் வீலுக்குள் இருக்கக் கூடாது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, சீரியல் போர்ட், பிரின்டர் பெயர் எல்லாம் இடிசி ஃபோல்டரில் தனி ஃபைலில், 600 பெர்மிஷனோடு, ரூட் (நிர்வாக யூசர்) பெயரில் இருக்கட்டும். அதை சிஸ்டம்டியே (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நிர்வகிக்கும் புரோகிராம்) ரூட்டாகப் படித்து உங்கள் புரோகிராமுக்குக் கொடுக்கும், புரோகிராமை ஓட்டும் யூசருக்கு அந்த ஃபைலைத் திறக்கும் உரிமை தேவையில்லை. தேவையான ஒரு மதிப்பு இல்லாவிட்டால், புரோகிராம் தொடங்கும்போதே பெயரைச் சொல்லி நிற்கட்டும். 'இல்லாவிட்டால் லோக்கல்ஹோஸ்ட் (இதே மெஷின்)' என்று டீஃபால்ட் வைப்பதும் எடை தவறான டேட்டாபேஸில் பதிவாக ஒரு காரணம்.

சிஸ்டம்டி சர்வீஸ் ஃபைலில் பலரும் தவறவிடும் இடம் ரீஸ்டார்ட். ரீஸ்டார்ட்டை ஆன் ஃபெயிலியர் என்று மட்டும் போட்டால், இடைவெளி டீஃபால்ட்டாக 100 மில்லி செகண்ட். 10 விநாடிக்குள் 5 முறைக்கு மேல் தொடங்க முயன்றால் சிஸ்டம்டி கைவிட்டுவிடும். கேபிள் ஒரு நிமிஷம் கழன்றாலே போதும், புரோகிராம் படபடவென்று ஐந்து தடவை விழுந்து சர்வீஸ் ஃபெயில்டு ஆகிவிடும். கேபிளைத் திரும்பச் செருகினாலும் எழாது. இடைவெளியை 5 விநாடி ஆக்குங்கள், அந்த வரம்பை அது தொடவே தொடாது. கூடவே பைதான் அன்பஃபர்டு என்ற வேரியபிளை 1 ஆக்குங்கள். இல்லாவிட்டால் பிரின்ட் செய்த லாக் வரிகள் பஃபரில் தேங்கி, பிரச்சினை நடந்த நேரத்தில் ஜர்னலில் (சிஸ்டம்டியின் லாக்) ஒன்றுமே இருக்காது. ஸ்டார்ட் கொடுத்தவர்கள் எனேபிள் கொடுக்க மறப்பார்கள். அன்று ஓடும், அடுத்த கரன்ட் கட்டுக்குப் பிறகு ஓடாது.

சீரியல் போர்ட் இந்த வேலையின் தனித் தலைவலி. சர்வீஸ் யூசரை டயலவுட் குரூப்பில் (சீரியல் போர்ட்டைத் திறக்கும் உரிமை உள்ள குரூப்) சேர்க்க வேண்டும். போர்ட் பெயரை டிடிஒய் யூஎஸ்பி0 என்று கான்ஃபிக்கில் எழுதாதீர்கள். கேபிளைக் கழற்றிச் செருகினால் அது யூஎஸ்பி1 ஆகலாம். டெவ் ஃபோல்டரில் சீரியல் என்பதற்குள் ஐடி வழியாகவும் பாதை வழியாகவும் நிலையான பெயர்கள் இருக்கும். விலை குறைந்த சிஹெச்340 யூஎஸ்பி-சீரியல் கன்வர்ட்டரில் தனி சீரியல் நம்பர் இருக்காது. அதுபோல இரண்டு இருந்தால் பாதை வழிப் பெயர்தான் கை கொடுக்கும், ஆனால் அதே யூஎஸ்பி துளையில்தான் எப்போதும் செருக வேண்டும். துளைக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். உபுண்டு 22.04 டெஸ்க்டாப்பில் இன்னொரு வம்பும் உண்டு. பிரெய்ல் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற பேக்கேஜ், சிஹெச்340-ஐத் தன் கருவி என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும், போர்ட்டே காணாமல் போகும். அந்த வசதி தேவைப்படாத மெஷினில் அதை எடுத்துவிடுங்கள். எண்ணூர், மணலி உப்புக்காற்றில் கனெக்டர் பின் பச்சை பூக்கும். சாஃப்ட்வேரைச் சந்தேகிப்பதற்கு முன் அதையும் பாருங்கள்.

ரீஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் மட்டும் வரும் ஒரு தவறு இருக்கிறது. இண்டிகேட்டர் நிறுத்தாமல் எடையை அனுப்பிக்கொண்டே இருக்கும். உங்கள் புரோகிராம் ஒரு எண்ணின் நடுவில் கேட்கத் தொடங்கலாம். மேடையில் 38,240 கிலோ நிற்கிறது; முதல் துண்டு 240 என்று வருகிறது. வடிவம் சரியாகத்தான் இருக்கிறது, எண்தான் தவறு. ஆகவே போர்ட்டைத் திறந்ததும் முதல் வரியைத் தூக்கிப் போடுங்கள், நீளத்தையும் தொடக்க, முடிவுக் குறிகளையும் பாருங்கள், தொடர்ந்து சில தடவை ஒரே எடை வந்தால் மட்டும் பதியுங்கள். இதை ஆபீஸிலேயே டெஸ்ட் செய்யலாம். யார்டு இண்டிகேட்டர் அனுப்புவதை அரை மணி நேரம் அப்படியே ஃபைலில் பிடித்து வாருங்கள். சோகேட் என்ற கருவியை வைத்து டபிள்யூஎஸ்எல்லுக்குள் ஒரு ஜோடிப் போலிப் போர்ட் உருவாக்கி, ஒரு முனையில் அந்தப் பதிவை ஓட்டி, மறுமுனையில் வீலிலிருந்து இன்ஸ்டால் செய்த மாட்யூலைக் கேட்க வையுங்கள்.

நேரம் இன்னொரு பொறி. மெஷின் கடிகாரம் யூடிசியில் (நம் நேரத்துக்கு 5.30 மணி பின்னால்) இருந்து, கோடு தேதியை அப்படியே எடுத்தால், நள்ளிரவு 12 முதல் அதிகாலை 5.30 வரை எடை போட்ட வண்டியெல்லாம் முந்தின நாள் கணக்கில் விழும். பகலில் டெஸ்ட் செய்பவர் கண்ணில் இது படவே படாது. டேட்டாபேஸில் டைம்ஸோனோடு பதிந்து, காட்டும்போது ஏசியா கொல்கத்தாவுக்கு (இந்திய நேரம்) மாற்றுங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரி நெடுநேரம் கரன்ட் இல்லாமல் போனால், மதர்போர்டு பேட்டரி செத்த மெஷின் பழைய தேதியோடு எழும். நெட் இல்லாததால் தானாகத் திருந்தாது. கடைசியாகப் பதிந்த எடையின் நேரத்துக்கு முன்னால் கடிகாரம் இருந்தால், புரோகிராம் பதிய மறுக்கட்டும்.

டேட்டாபேஸ் மாற்றம்தான் திரும்பிப் போகும் வழியை அடைப்பது. கோடை ஒரு நிமிஷத்தில் பழையதாக்கலாம், டேபிளை அப்படி ஆக்க முடியாது. ஆகவே ஒரு ரிலீஸில் டேபிளில் புது நெடுவரிசை சேர்ப்பது மட்டும், அதுவும் காலியாக இருக்க அனுமதித்து. பழைய கோடு அதைக் கண்டுகொள்ளாமல் ஓடும். பெயர் மாற்றுவது, அழிப்பது எல்லாம் இரண்டு ரிலீஸ் கழித்து, பழைய கோடு திரும்ப வராது என்று உறுதியான பிறகு. டேபிளை மாற்றும் ஆல்டர் டேபிள் கமாண்டுக்கு முழு லாக் (பூட்டு) தேவை. யாரோ மாத ரிப்போர்ட்டைத் திறந்து வைத்திருந்தால் அது காத்திருக்கும், அதன் பின்னால் வரும் ஒவ்வொரு எடைப் பதிவும் வரிசையில் நிற்கும், கேட் முடங்கும். லாக் டைமவுட்டை 5 விநாடி வைத்து ஓட்டுங்கள். கிடைக்காவிட்டால் பேசாமல் தோற்றுத் திரும்பட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முன் பிஜி டம்ப் கமாண்டில் பேக்கப் எடுத்து, வேறு பெயரில் ஒரு டேட்டாபேஸில் ரீஸ்டோர் செய்து பாருங்கள். ரீஸ்டோர் செய்து பார்க்காத பேக்கப்பை நம்பாதீர்கள்.

டாக்கர் (புரோகிராமையும் அதற்குத் தேவையானதையும் ஒரே இமேஜாகக் கட்டும் கருவி) வேண்டுமா என்று கேட்பீர்கள். ஒரு மெஷின், ஒரு சர்வீஸ், ஒரு சீரியல் போர்ட் என்றால் தேவையில்லை. வீலும் சிஸ்டம்டியும் போதும். நாலைந்து சர்வீஸ் ஆகும்போது பாருங்கள். அப்போதும் லேட்டஸ்ட் டேக் வேண்டாம், இமேஜை சேவ் செய்து லோட் செய்யுங்கள், ஆல்பைன் இமேஜைத் தவிருங்கள்: அதன் சி லைப்ரரி வேறு என்பதால் மேனிலினக்ஸ் வீல்கள் ஏறாது. கேட் மெஷின் விண்டோஸாக இருந்தால் பைஇன்ஸ்டாலர் (பைதான் புரோகிராமை எக்ஸிஇ ஆக்கும் கருவி), அதிலும் ஒரே எக்ஸிஇ ஆக்காமல் ஃபோல்டராகக் கட்டுவது நல்லது. ஒற்றை எக்ஸிஇ ஒவ்வொரு முறையும் டெம்ப் ஃபோல்டரில் தன்னை விரித்துக்கொண்டு தொடங்கும், ஆன்டிவைரஸும் அதை எளிதில் பிடிக்கும்.

மாற்றும் நாளைக் கேட்காரர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். கப்பல் கட்-ஆஃப் நெருங்கி, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் டிரெய்லர் வரிசை கட்டும் நேரம் வேண்டவே வேண்டாம். கையால் எழுதும் சீட்டுப் புத்தகம் மேஜை மேல் இருக்கட்டும். மாற்றியதும் காலி மேடையில் பூஜ்யம் வருகிறதா, ஒரு வண்டி ஏறினால் இண்டிகேட்டர் காட்டுவதும் சீட்டில் வருவதும் டேட்டாபேஸில் இருப்பதும் ஒன்றா, சீட்டில் புது வெர்ஷன் நம்பர் வந்ததா என்று பாருங்கள். பிறகு மெஷினையே முழுக்க ரீபூட் செய்து, யாரும் கை வைக்காமல் சர்வீஸ் எழுகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகு, எல்லாம் நன்றாக இருக்கும்போதே, வேண்டுமென்றே பழைய வெர்ஷனுக்கு ஒரு தடவை திரும்பிப் போய், அது புது டேபிளோடு ஒரு சீட்டு அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி புதியதற்கு வாருங்கள். லிங்க்கைத் திருப்பி ரீஸ்டார்ட் செய்யும் அந்த இரண்டு வரியை ஒரு ஸ்கிரிப்டாக்கி, ராத்திரி ஷிஃப்ட் ஆபரேட்டரே ஓட்டும்படி சுடோ (ரூட் உரிமை) அனுமதி அதற்கு மட்டும் கொடுங்கள். கடைசி மூன்று வெர்ஷன் ஃபோல்டர்கள் மெஷினிலேயே இருக்கட்டும், அதற்கு முந்தையவற்றை அழிக்கலாம்.